பட்டியலைக் கேட்டு வந்த கடிதம்: இரு ஆக்கிரமிப்புகளில் பெல்ஜிய நகராட்சிகள்

மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகளில் நாள்தோறும் நடக்கும் வேலைகளில் பெரும்பாலானவை, ஆட்சி யார் கையில் இருந்தாலும் நின்றுவிடக் கூடாதவை. வைகை அணையிலிருந்து வரும் தண்ணீரை மேல்நிலைத் தொட்டிகளில் ஏற்றி முறைவைத்துத் திறந்துவிட வேண்டும். மாசி வீதிகளிலும் வெளி வீதிகளிலும் சேரும் குப்பையை அன்றன்றே அள்ள வேண்டும். தத்தனேரி மயானத்துக்கு வரும் சடலங்களைக் காக்கவைக்காமல் எரியூட்ட வேண்டும். பிறப்பையும் இறப்பையும் பதிந்து சான்றிதழ் தர வேண்டும். போரில் தோற்ற நாட்டின் நகரம் ஒன்றில் எதிரிப்படை வந்து அமர்ந்துவிட்டால், இந்த வேலைகளைச் செய்வோரும் அவர்களுக்குத் தலைமை தாங்கும் மேயரும் மறுநாள் காலை அலுவலகத்துக்கு வரலாமா? தண்ணீரும் சுடுகாடும் எல்லோருக்கும் பொது என்பதால், வரத்தான் வேண்டும் என்று பெரும்பாலோர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் எந்தத் தெருவில் எந்தக் கதவு எண்ணில் யார் குடியிருக்கிறார்கள், அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்ற விவரமும் அதே அலுவலகத்தின் பீரோவில்தான் இருக்கிறது. ஒருநாள் அந்த விவரத்தைக் கேட்டு ஒரு கடிதம் வருகிறது. இந்த ஆய்வு அந்தக் கடிதத்தைப் பற்றியது.

ஆய்வுக்கு பெல்ஜியத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1914 முதல் 1918 வரையிலும், மறுபடி 1940 முதல் 1944 வரையிலும் அந்த நாடு ஜெர்மன் படையின் பிடியில் இருந்தது. ஒரே தலைமுறைக்குள், ஒரே நகர மன்றக் கட்டடங்களில், சில இடங்களில் முன்பு பணியாற்றியவர்களே மீண்டும் ஆக்கிரமிப்பாளரை எதிர்கொண்டார்கள். வீட்டுவாரியாகக் குடிமக்களைப் பதிந்துவைக்கும் வழக்கம் பெல்ஜிய நகராட்சிகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே வேரூன்றியிருந்தது. ஆகவே கேட்பவருக்குக் கொடுக்க அவர்களிடம் ஏராளமாக இருந்தது. மேயர் பதவியும் நம்முடையதைப் போன்றதல்ல. மதுரையில் நிர்வாக அதிகாரம் ஆணையரிடமும், காவல் மாநில அரசிடமும், மாமன்றத் தலைமை மேயரிடமும் பிரிந்து கிடக்கின்றன. பெல்ஜிய மேயரோ அரசரால் நியமிக்கப்பட்டவர், உள்ளூர் போலீசுக்கும் தலைவர், நகர மன்றத்துக்கும் தலைவர். ஜெர்மன் தளபதி ஊருக்குள் வந்ததும் யாரைப் பார்க்க வேண்டும் என்று தேட வேண்டியிருக்கவில்லை.

சட்டம் வகுத்த எல்லை

1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையின் 43ஆவது பிரிவு, ஆக்கிரமித்த படை பொது ஒழுங்கைக் காக்க வேண்டும் என்றும், தவிர்க்கவே முடியாத நிலை தவிர மற்றபடி அந்நாட்டில் நடைமுறையில் உள்ள சட்டங்களை மதிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. மக்களை விசுவாசப் பிரமாணம் எடுக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது; சிலர் செய்ததற்கு ஊரையே தண்டிக்கக் கூடாது; பணமாகத் தண்டல் வாங்கினால் எழுத்துமூலமான ஆணையும் ரசீதும் வேண்டும்; பொருளாகக் கேட்பவை படையின் தேவைக்கும் ஊரின் சக்திக்கும் உட்பட்டிருக்க வேண்டும்; சொந்த நாட்டுக்கு எதிரான போர் வேலையில் மக்களை ஈடுபடுத்தக் கூடாது. இவை மீறப்பட்டன என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனாலும் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று அச்சில் இருந்ததால், மறுக்க விரும்பிய மேயருக்குச் சொந்தத் துணிச்சலோடு சட்டத்தின் வாசகமும் கைவசம் இருந்தது. முதல் உலகப்போர்க் காலத்து பிரஸ்ஸல்ஸ் நகரம் இந்த வாசகத்தை எவ்வளவு தூரம் பயன்படுத்தியது என்பதைப் பார்க்கும்போது வியப்பாக இருக்கிறது.

பிரஸ்ஸல்ஸ், 1914

1914 ஆகஸ்ட் 4ஆம் தேதி ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. 17ஆம் தேதி அரசாங்கம் தலைநகரை விட்டு ஆன்ட்வெர்ப்புக்குப் போய்விட்டது. 20ஆம் தேதி படை பிரஸ்ஸல்ஸுக்குள் வந்தது. நகரத்தைப் பாதுகாக்கப் படை இல்லை. 1909 முதல் மேயராக இருந்த அடால்ஃப் மாக்ஸ் தன் நிர்வாகக் குழுவினருடன் நகரின் விளிம்புக்குச் சென்று ஜெர்மன் அதிகாரிகளைச் சந்தித்தார். நகரத்திடம் 5 கோடி பிராங்கும், பிரபான்ட் மாகாணத்திடம் 45 கோடி பிராங்கும் போர்த் தண்டலாகக் கேட்கப்பட்டன. படைக்கு உணவும் கேட்கப்பட்டது. அந்த நாட்களில் மறுப்புக்கு என்ன விலை என்பது ஒவ்வொரு நாளும் தெரியவந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் 23ஆம் தேதி தினான் நகரில் 674 பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். 25ஆம் தேதி இரவு லூவென் நகரமும் அதன் பல்கலைக்கழக நூலகமும் எரிக்கப்பட்டன. மாக்ஸின் செயல்கள் ஒவ்வொன்றையும் இந்தப் பின்னணியில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

அவர் எல்லாவற்றையும் மறுத்தவர் அல்லர். உணவு கொடுத்தார், தண்டலில் ஒரு பகுதியைக் கட்டினார், அமைதியாக இருக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். மறுத்தவை சில, ஆனால் ஒவ்வொன்றையும் சுவரொட்டியாக அச்சிட்டு ஊரறியச் செய்தார். பிரான்சு உதவிக்கு வர இயலாதென்று அறிவித்துவிட்டதாக பிரஸ்ஸல்ஸ் மேயரே தெரிவித்தார் என்று லியேஜ் நகரின் ஜெர்மன் ஆளுநர் சுவரொட்டி ஒட்டினார். மாக்ஸ் அந்தச் செய்தியை அப்படியே எடுத்து அச்சிட்டு, அதன்கீழ் இதை முற்றாக மறுக்கிறேன் என்று தன் பெயரிட்டு ஆகஸ்ட் 30ஆம் தேதி நகரமெங்கும் ஒட்டினார். அதன்பின் முன் அனுமதி இல்லாமல் சுவரொட்டி ஒட்டக் கூடாதென்று ராணுவ ஆளுநர் வான் லுட்விட்ஸ் தடை போட்டார். செப்டம்பர் நடுவில் வீடுகளில் பறக்கும் பெல்ஜியக் கொடிகளை இறக்கும்படி உத்தரவு வந்தபோது, கொடிகளை இறக்கச் சொல்லி மாக்ஸ் மக்களுக்கு எழுதினார். ஆனால் இந்தத் தியாகத்தை இப்போதைக்கு மட்டும் ஏற்போம், ஈடு கிடைக்கும் நேரத்துக்குப் பொறுமையாகக் காத்திருப்போம் என்ற பொருளில் எழுதினார். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்த அந்தச் சுவரொட்டியையே ஜெர்மானியர்கள் மறைக்க வேண்டியதாயிற்று.

அவரைச் சிறைக்கு அனுப்பியது பணக்கணக்கு. படைக்கு வாங்கும் பொருள்களுக்குக் கொடுத்த சீட்டுகளுக்குப் பணம் தரப்படும் என்ற வாக்கை ஜெர்மன் தரப்பு காப்பாற்றவில்லை. அவ்வாறாயின் தண்டலின் மீதித் தவணையைக் கட்ட வேண்டாம் என்று மாக்ஸ் நிறுத்திவைத்தார். செப்டம்பர் 26ஆம் தேதி கைது செய்யப்பட்டு, நான்காண்டுகள் ஜெர்மனியின் வெவ்வேறு சிறைகளில் இருந்து, 1918 நவம்பரில்தான் ஊர் திரும்பினார். ஒப்பந்தத்தை மீறியது எதிர்த்தரப்பே என்பதை எழுத்தில் நிறுவிய பிறகே அவர் மறுத்திருக்கிறார் என்பது நகராட்சி வேலையை அறிந்த எவருக்கும் கவனிக்கத் தக்கதாகத் தோன்றும். உணர்ச்சிகரமான உரை எதுவும் அங்கே இல்லை. ஒரு கோப்பும், கோப்பைத் திறந்து காட்டும் துணிவும்தான் இருந்தன.

அவர் போன பிறகு நகர நிர்வாகம் குலைந்துவிடவில்லை என்பது அதைவிட முக்கியமானது. நிர்வாகக் குழு உறுப்பினர் மோரிஸ் லெமோனியே பொறுப்பு மேயரானார். 1917இல் அவரும் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார். அடுத்து லூயி ஸ்டீன்ஸ் வந்தார். இடையில் நகர மக்களுக்கு ரொட்டியும் சூப்பும் கொடுக்கும் பெரும் ஏற்பாடு நடந்தது. 1914 இலையுதிர் காலத்திலிருந்து பெல்ஜியத் தேசிய நிவாரணக் குழுவும், ஹெர்பர்ட் ஹூவர் தலைமையிலான நிவாரண ஆணையமும் கடல் கடந்து கொண்டுவந்த தானியம் நகராட்சிகள் வழியாகத்தான் வீடுகளுக்குப் போனது. அரசாங்கம் நாட்டை விட்டுப் போன இடத்தில், மக்களின் பசியையும் நோயையும் பார்த்துக்கொள்ள நகராட்சி என்ற ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. மேயர்கள் எல்லோரும் மானத்தோடு பதவி விலகிப் போயிருக்க வேண்டும் என்று வாதிடுவோர் இந்த ரொட்டியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தூர்னே நகரின் தீர்மானம், 1916

ஆனால் ரொட்டி கொடுப்பதற்குப் பட்டியல் வேண்டும். யார் வேலையில்லாமல் இருக்கிறார்கள், எந்த வீட்டில் எத்தனை வாய் என்று எழுத வேண்டும். 1916 இலையுதிர் காலத்தில் ஜெர்மனியில் ஆள் தட்டுப்பாடு வந்தபோது, வேலையற்ற பெல்ஜியர்களை அங்கே கட்டாய வேலைக்குக் கொண்டுபோக முடிவெடுத்தார்கள். அதற்கு நகராட்சிகளிடம் வேலையற்றோர் பட்டியலைக் கேட்டார்கள். பசிக்கு உணவு தருவதற்காக எழுதப்பட்ட பெயர்கள், ஆளைப் பிடிப்பதற்காகக் கேட்கப்பட்டன. நம் ஊரில் ரேஷன் கடைப் பதிவேட்டைக் கொடு என்று ஒரு படை கேட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தால் இதன் பாரம் புரியும்.

தூர்னே நகர மன்றம் கூடி, பட்டியலைத் தர இயலாது என்று தீர்மானம் போட்டது. நகரத்துக்கு 2 லட்சம் மார்க் அபராதமும், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 20,000 மார்க்கும் விதிக்கப்பட்டன. பிரஸ்ஸல்ஸ் உள்பட வேறு பல நகராட்சிகளும் மறுத்தன. நிவாரணக் குழுவும் தன் பட்டியலைத் தர மறுத்தது. இதனால் கட்டாய வேலை நின்றுவிடவில்லை. ஏறத்தாழ 1,20,000 பெல்ஜியர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். ஆயினும் பட்டியல் இல்லாமல், கூப்பிட்டு நிறுத்திய ஆண்களிலிருந்து கண்ணால் பார்த்துப் பிரித்தெடுக்க வேண்டியிருந்ததால், வேலையில் இருந்தவர்களும் பிடிபட்டார்கள். வேலையற்றோருக்கு வேலை தருகிறோம் என்ற ஜெர்மன் தரப்பின் வாதம் உலகத்தின் முன் பொய்யாகிப்போனது. நடுநிலை நாடுகளின் எதிர்ப்பு வலுத்து, 1917 தொடக்கத்தில் ஜெர்மனிக்குக் கொண்டுபோவது நிறுத்தப்பட்டது. மறுத்ததால் முழுப் பயனும் கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் ஆக்கிரமிப்பாளரின் வேலையை நகராட்சி எளிதாக்கித் தரவில்லை; அநீதியை அவர்களே தங்கள் கையால், எல்லோரும் பார்க்கச் செய்ய வேண்டியதாயிற்று. இந்த வேறுபாடு சிறியதன்று என்பதை அடுத்த போர் காட்டியது.

பதிவேடு, 1940

அடால்ஃப் மாக்ஸ் 1939 நவம்பரில் இறக்கும்வரை மேயராக இருந்தார். ஆறு மாதங்களில், 1940 மே 10ஆம் தேதி, படை மறுபடி வந்தது. 28ஆம் தேதி பெல்ஜிய ராணுவம் சரணடைந்தது. அமைச்சர்கள் வெளிநாடு சென்றுவிட, ஒவ்வொரு துறையின் தலைமைச் செயலாளரும் நிர்வாகத்தை நடத்தினார். அக்டோபர் 28ஆம் தேதி ராணுவ நிர்வாகம் யூதர்களைப் பதிவுசெய்யும் ஆணையை வெளியிட்டது. மத வேறுபாடு பார்க்கும் இத்தகைய ஆணை அரசியலமைப்புக்கு முரணானது என்று சொல்லித் தலைமைச் செயலாளர்கள் அதைத் தங்கள் பெயரில் வெளியிட மறுத்தார்கள். அதுவரை நன்று. ஆனால் ஜெர்மானியரே ஆணையிட்டால், நகராட்சிகள் அதைத் தாமாக முன்னின்று செய்யாமல், வருபவர்களை எழுதிக்கொள்வது மட்டும் தவறாகாது என்ற சட்டக் கருத்து உருவாயிற்று.

அதன்படி நடந்தது இதுதான். நகர மன்ற வாசலில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. யூதர்கள் தாங்களாகவே வர வேண்டும். உள்ளே ஒரு மேசை, ஒரு எழுத்தர், ஒரு பதிவேடு. பெயர், பிறந்த இடம், தொழில், முகவரி, எப்போது நாட்டுக்குள் வந்தார் என்பவை எழுதப்பட்டன. யாரையும் தேடிப் போகவில்லை, யாரையும் மிரட்டவில்லை. வந்தவரைப் பதிந்தோம், அவ்வளவுதான் என்று அந்த எழுத்தர் உண்மையாகவே சொல்லியிருக்க முடியும். அடுத்த ஆண்டு அடையாள அட்டையில் யூதர் என்ற முத்திரை குத்தப்பட்டது. அதையும் நகராட்சி அலுவலகம்தான் குத்தியது. துப்பாக்கி ஏந்தி வந்த கோரிக்கைகளை மறுக்கத் தெரிந்த நிர்வாகம், சுற்றறிக்கையாக வந்த கோரிக்கையைச் சுற்றறிக்கையாகவே கருதி நிறைவேற்றிவிட்டது. 1916இல் வேலையற்றோர் பட்டியலை மறுத்த பிரஸ்ஸல்ஸும் 1940இல் இந்தப் பதிவேட்டை மறுக்கவில்லை. காரணங்களில் ஒன்று வெளிப்படையானது: 1916இல் கேட்கப்பட்டவர்கள் பெல்ஜியக் குடிமக்கள், 1940இல் பெல்ஜியத்தில் இருந்த யூதர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குடியுரிமை இல்லாதவர்கள், போலந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள். வாக்கில்லாதவருக்காக நகர மன்றம் கூடித் தீர்மானம் போடவில்லை. மதுரையைச் சுற்றித் திருவாதவூர், ஆனையூர், உச்சப்பட்டி ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. அங்கே வாழ்வோரின் பெயர்கள் தனிப் பதிவேட்டில் இருக்கின்றன. அவர்களுக்கு உதவி தருவதற்கு அது தேவைதான். ஆனாலும் பெல்ஜியப் பதிவேட்டைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு அவர்கள் நினைவு வருவதைத் தவிர்க்க இயலவில்லை.

இரு நகரங்கள், 1942

பிரஸ்ஸல்ஸ் மேயர் ஜோசப் வான் டெ மெலப்ரூக்கை, அறுபது வயதைக் கடந்தவர்கள் பொதுப் பதவியில் இருக்கக் கூடாதென்ற புதிய ஆணையைக் காட்டி 1941 ஜூன் இறுதியில் ஜெர்மானியர் நீக்கினார்கள். பிரஸ்ஸல்ஸின் சட்டப்படியான ஒரே மேயர் நானே, நானாகவே இருப்பேன் என்று அவர் சுவரொட்டி ஒட்டிவிட்டுச் சிறை சென்றார். மாக்ஸின் வழி என்று நகர மக்கள் உடனே அடையாளம் கண்டிருப்பார்கள். அவருக்குப் பின் ஜூல் குல்ஸ்ட் பொறுப்பேற்றார்.

1942 மே 27ஆம் தேதி, யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டும் என்று ஆணை வந்தது. நட்சத்திரத் துணிகளை நகராட்சிகள் வினியோகிக்க வேண்டும் என்றார்கள். ஜூன் 5ஆம் தேதி பிரஸ்ஸல்ஸ் வட்டார மேயர்களின் சார்பில் குல்ஸ்ட் எழுதிய கடிதம், மனிதனின் கண்ணியத்தை நேரடியாகத் தாக்கும் இந்த ஆணையை நிறைவேற்றுவதில் தாங்கள் பங்குகொள்ள இயலாது என்று தெரிவித்தது. ஜெர்மானியர் தாங்களே வினியோகிக்க வேண்டியிருந்தது. செப்டம்பர் 3ஆம் தேதி இரவு பிரஸ்ஸல்ஸில் நடந்த ஆள்பிடிப்பிலும் நகரப் போலீசு இல்லை. ஜெர்மானியரே தெருத் தெருவாகப் போனார்கள்.

ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் ஆன்ட்வெர்ப்பில் நிலைமை வேறு. மேயர் லியோ டெல்வேட் தலைமையிலான நகராட்சி நட்சத்திரங்களை வினியோகித்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாத ஆள்பிடிப்புகளில் நகரப் போலீசு துணைநின்றது. 28ஆம் தேதி இரவு ஜெர்மானியரின் கட்டளைப்படி ஆன்ட்வெர்ப் போலீசாரே வீடுகளுக்குச் சென்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துக் கொடுத்தார்கள். பெல்ஜியத்திலிருந்து மெக்கெலன் முகாம் வழியாக ஏறத்தாழ 25,000 யூதர்கள் கிழக்கே அனுப்பப்பட்டார்கள். மிகச் சிலரே திரும்பினார்கள். ஆன்ட்வெர்ப்பின் யூதர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இவ்வாறு அழிந்தார்கள். பிரஸ்ஸல்ஸில் அந்த விகிதம் வெகுவாகக் குறைவு. இந்த வேறுபாட்டுக்கு மேயர்கள் மட்டுமே காரணம் என்று சொல்வது பொருந்தாது. ஆன்ட்வெர்ப்பில் யூதர்களை வெறுக்கும் இயக்கங்கள் வலுவாக இருந்தன. யூதர்கள் ஒரே பகுதியில் நெருங்கி வாழ்ந்தார்கள். ஒளிய உதவும் அமைப்புகள் பிரஸ்ஸல்ஸில் விரைவாக உருவாயின. ஆனாலும் கதவைத் தட்டியது ஊர் போலீசா, அந்நியச் சிப்பாயா என்பது கதவுக்குப் பின்னால் இருந்தவருக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. தெருவின் ஒவ்வொரு சந்துபொந்தையும் அறிந்தவர் ஊர்க்காரரே.

டெல்வேட் தன் நகரத்தைப் பெரிய தீங்கிலிருந்து காப்பதாக நம்பியிருக்கலாம். நான் விலகினால் இதைவிட மோசமானவர் வருவார் என்ற வாதத்தை ஆக்கிரமிப்புக் காலத்து மேயர்கள் எல்லா நாடுகளிலும் சொல்லியிருக்கிறார்கள். அது பல சமயம் உண்மையும்கூட. பிரஸ்ஸல்ஸிலேயே, குல்ஸ்ட் நீக்கப்பட்டு 1942 செப்டம்பர் இறுதியில் ஜெர்மானியருக்கு உகந்த யான் கிராவுல்ஸ் தலைமையில் பெருநகரம் அமைக்கப்பட்டது. ஆனால் மோசமானவர் வருவதற்குள் நல்லவர் எத்தனை காகிதங்களில் கையெழுத்திடுகிறார் என்பதையும் எண்ண வேண்டும். நல்லவரின் கையெழுத்துக்குத்தான் ஊழியர்கள் மறுபேச்சின்றிக் கீழ்ப்படிகிறார்கள்.

நம்மவர் கதைகள்

தமிழ் வாசகருக்கு இதில் நெருக்கமான உதாரணம் பினாங்கில் இருக்கிறது. 1941 டிசம்பர் 11 முதல் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன் நகரத்தில் குண்டு போட்டன. 16ஆம் தேதி இரவு பிரிட்டிஷார் ஐரோப்பியர்களை மட்டும் கமுக்கமாகக் கப்பலேற்றிவிட்டு, சீனரையும் மலாய்க்காரரையும் தமிழரையும் விட்டுச் சென்றார்கள். நிர்வாகம் என்று எதுவும் இல்லாத அந்த நகரத்தில் எல்லாச் சமூகத்தாரும் சேர்ந்து ஒரு சேவைக் குழு அமைத்தார்கள்; அதற்குத் தலைவர் ‘ஸ்டிரெயிட்ஸ் எக்கோ’ பத்திரிகையின் ஆசிரியரான, இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து. கோட்டைக் கம்பத்தில் பறந்த பிரிட்டிஷ் கொடியை அவர் இறக்கினார். பிரிட்டிஷார் போய்விட்டார்கள், இனிக் குண்டு போடாதீர்கள் என்று வானொலியில் அறிவிக்கப்பட்டது. கொள்ளையைத் தடுப்பதும் உணவைப் பங்கிடுவதும் குழுவின் வேலையாயின. 19ஆம் தேதி ஜப்பானியர் வந்தார்கள். கொடியை இறக்கியதைச் சரணாகதி என்று குறைசொன்னவர்கள் உண்டு. தெருக்களில் பிணங்கள் கிடந்த ஊரில், காக்க ஒரு பீரங்கிகூட இல்லாத நிலையில், அதைச் செய்யாமல் இருந்திருந்தால்தான் தவறு என்பது என் கருத்து. அவர் பின்னர் ஜப்பானியர் சிறையிலும் இருக்க நேர்ந்தது.

அதே மலாயாவில் மறுபக்கமும் உண்டு. சயாம்–பர்மா ரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள். மதுரை, இராமநாதபுரம், திருச்சி மாவட்டங்களிலிருந்து பிழைக்கப் போன குடும்பங்கள் அவற்றில் ஏராளம். தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்குச் சொல்லிக் கேட்டார்கள். யாரை அனுப்புவது என்பது பல தோட்டங்களில் கிராணி எனப்படும் தோட்ட எழுத்தரின் கையில் விடப்பட்டது. சம்பளம் போடுவதற்காகப் பெயர் எழுதிய அதே கை, சாவுக்கு அனுப்பப் பெயர் எழுதியது. கிராணி மேயர் அல்லர்; ஆனால் அவரிடம் கேட்கப்பட்டது ஆன்ட்வெர்ப்பிடம் கேட்கப்பட்டதேதான்.

மதுரை நாட்டிலும் 1736இல் நாயக்கர் ஆட்சி முடிந்து, 1801இல் கம்பெனியின் கைக்கு வரும்வரை, சந்தா சாகிப், மராட்டியர், ஆற்காட்டு நவாப், யூசுப்கான், கம்பெனிப் படை என்று ஆட்சி மாறி மாறி வந்தது. வந்த ஒவ்வொருவருக்கும் முதல் தேவை நிலக்கணக்கு. கணக்குப்பிள்ளையைப் பிடித்தால் ஊரைப் பிடித்த மாதிரி. ஆண்டவர் மாறினாலும் ஓலையும் கணக்கும் ஒரே குடும்பத்தில் இருந்தன. அந்தப் பரம்பரைப் பதவி 1980இல்தான் ஒழிக்கப்பட்டது.

அண்மைக் காலத்தில் உக்ரைனில் இதே கேள்வி எழுந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் ரஷ்யப் படை கெர்சோன் நகரைப் பிடித்தபோது, மேயர் இகோர் கொலிகாயெவ் அலுவலகத்திலேயே இருந்து தண்ணீர், மின்சாரம், குப்பை, சடலம் அடக்கம் ஆகியவற்றைக் கவனித்தார். உக்ரைன் கொடியை இறக்கவில்லை. ஏப்ரல் இறுதியில் அவர் இடத்தில் வேறொருவர் அமர்த்தப்பட்டார்; ஜூன் 28இல் அவர் பிடித்துச் செல்லப்பட்டார். மெலிதோபோல் மேயர் இவான் ஃபெதோரொவ் மார்ச் 11இல் கடத்தப்பட்டு ஐந்தாம் நாள் கைதிப் பரிமாற்றத்தில் மீண்டார். மனச்சாட்சிக்காகப் பணியை நிறுத்தும் பொது அதிகாரிகளைத் தண்டிக்கக் கூடாது என்று 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை 54ஆவது பிரிவில் கூறியிருந்தும் இப்படித்தான் நடக்கிறது.

பொறுப்பேற்பு, பிறகு நம் படிவம்

போருக்குப் பின் டெல்வேட் ஆன்ட்வெர்ப் துறைமுக நிர்வாகத்தில் மீண்டும் செல்வாக்கு பெற்றார். அவர் பெயரில் ஒரு கப்பல்துறையே இருந்தது. 2007இல்தான் ஆன்ட்வெர்ப் மேயர் பாட்ரிக் யான்சென்ஸ் நகராட்சியின் பங்குக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்; கப்பல்துறையின் பெயரும் அண்மையில் மாற்றப்பட்டது. 2012இல் பிரஸ்ஸல்ஸ் மேயர் ஃப்ரெடி தீலமன்ஸும் தன் நகரத்தின் பொறுப்பை ஒப்புக்கொண்டார். நட்சத்திரத்தை மறுத்த நகரம் அது; ஆயினும் 1940இன் பதிவேட்டை எழுதிய நகரமும் அதுவே. பிரஸ்ஸல்ஸ் தன் வீரத்தை மட்டும் நினைவில் வைக்காமல் அந்த மேசையையும் எழுத்தரையும் ஒப்புக்கொண்டதை நான் மிகவும் மதிக்கிறேன்.

மதுரையில் உள்ளாட்சி உறுப்பினர்களுக்கும் ஊழியர்களுக்கும் நடக்கும் பயிற்சி வகுப்புகளில் இந்த நிகழ்வை எடுத்துக்கொள்வோர், தூர்னேயின் தீர்மானத்தையும் குல்ஸ்டின் கடிதத்தையும் ஒன்றாக வைத்து விவாதிக்கலாம். இரண்டும் ஒரு தனிமனிதரின் குரலில் எழுதப்படவில்லை. ஒன்று மன்றத்தின் பெயரால், மற்றொன்று பல நகர மேயர்களின் பெயரால் எழுதப்பட்டது. கீழ்நிலை எழுத்தர் ஒருவரால் தனியாக மறுக்க முடியாது; மேலே ஒரு தீர்மானம் இருந்தால்தான் அவர் பேனாவை மூடிவைக்க முடியும். அடுத்து, நம் கையில் உள்ள படிவம் ஒன்றையே எடுத்துக் காட்டலாம். பிறப்பு அறிக்கைப் படிவம் சட்டப் பகுதி, புள்ளிவிவரப் பகுதி என இரண்டாக வகுக்கப்பட்டது. குழந்தையின் பெயரும் பெற்றோர் பெயரும் முகவரியும் இருக்கும் சட்டப் பகுதி பதிவேடாக அலுவலகத்தில் தங்கும். குடும்பத்தின் மதம் போன்றவை இருக்கும் புள்ளிவிவரப் பகுதி தனியே பிரித்து மேலே அனுப்பப்படும். பெயரும் மதமும் ஒரே தாளில், ஒரே பீரோவில் சேராமல் இருக்க இது உதவியது. 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி பிறப்பு, இறப்புப் பதிவுகளுக்குத் தேசிய அளவில் ஒரு கணினித் தரவுத்தளம் உண்டு. எந்தெந்த விவரம் எந்தப் பிரிவில் யார் பார்வைக்குக் கிடைக்கிறது, எது பயன் முடிந்தபின்னும் அழிக்கப்படாமல் கிடக்கிறது என்று மாமன்றக் கூட்டத்தில் உறுப்பினர் எவரும் கேள்வியாக எழுப்பலாம். அதற்கு எழுத்துமூலமான பதிலும் கேட்டுப் பெறலாம்.